ஊரே கம்பளிக்குள் இருக்க எனக்கு மட்டும் ஏன் வியர்க்கிறது?

கேள்வி: எனக்கு 63 வயது. மாதவிலக்கு நின்று 13 வருடம் ஆகிறது. மகனுக்கு பொம்மசந்திராவில் வேலை என்பதால் ஓசூரிலிருந்து அத்திபெலேக்குக் குடிவந்தோம். மார்கழிக் குளிரில் வீட்டில் எல்லாரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். எனக்கு மட்டும் நடுராத்திரியில் தொப்பலாக வியர்க்கிறது. நைட்டி, தலையணை உறை எல்லாம் நனைந்துவிடுகிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படி. உடம்புச் சூடு என்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன், ராத்திரியில் ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுகிறேன், குறையவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. குளிரில் போய் ஏன் வியர்க்கிறது? ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கலாமா? வீட்டில் திட்டுகிறார்கள்.
— ஒரு வாசகி, அத்திபெலே

பதில்: அம்மா, ‘குளிரில் போய் ஏன்?’ என்று கேட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், மார்கழி ராத்திரியில், புழுக்கத்தின் மேல் பழி போட வழியில்லை.

முதலில் இந்த ‘உடம்புச் சூடு’ விஷயத்தைப் பார்த்துவிடுவோம். அடுத்த முறை வியர்த்து எழும்போது, நெற்றியைத் துடைத்துவிட்டு தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 98 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். தோல் கொதிப்பதுபோலத் தோன்றும். ஆனால் உடம்புக்குள் சூடு சேர்ந்திருக்காது. வியர்வை காயக் காய இன்னும் குளிர்ந்துபோய், ஐந்து நிமிடத்தில் நடுக்கம் எடுக்கும். எண்ணெய்க் குளியல் சுகமானது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இல்லாத சூட்டை அது எப்படி எடுக்கும்? (தெர்மாமீட்டர் 100.4 டிகிரிக்கு மேல் காட்டினால் அது காய்ச்சல். அதன் காரணத்தைத் தனியாகத் தேட வேண்டும்.)

வியர்க்கச் சொல்லி உத்தரவு போடுவது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். பசி, தூக்கம், வெப்பம் ஆகியவற்றைக் கவனிக்கும் சின்னஞ்சிறு பகுதி அது. இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறினால் தானே அணைந்து, இறங்கினால் தானே எரியும் தெர்மோஸ்டாட் இருக்கிறதல்லவா, அதே வேலை. உடம்பு வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. தொந்தரவு இல்லாத பெண்களுக்கு இந்த இடைவெளி சுமார் 0.4 டிகிரி செல்சியஸ். மாதவிலக்கு நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தபின், சிலருக்கு இந்த இடைவெளி ஏறக்குறைய பூஜ்யமாகிவிடுகிறது என்று ஆய்வகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அப்புறம் கம்பளிக்குள் கால் டிகிரி ஏறினாலே போதும், ‘வெப்பத்தை வெளியே தள்ளு’ என்று உத்தரவு வந்துவிடும். வீட்டில் மற்றவர்களுக்கு இதமாக இருக்கும் அதே கம்பளிதான் உங்களுக்கு விசையைத் தட்டிவிடுகிறது.

‘அது நின்று 13 வருடம் ஆயிற்றே!’ என்பீர்கள். நியாயம்தான். அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில், இந்தத் தொந்தரவு நீடித்த காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டு என்று 2015இல் எழுதினார்கள். பாதிப் பேருக்கு அதற்கும் மேல் என்பதுதான் அதன் பொருள். பத்து வருடம் தாண்டியும் சிலரை விடுவதில்லை. ஆகவே உங்களுக்கும் இருக்கலாம். ஆனால் அறுபதுக்கு மேல் ஒரு பெண் ராத்திரி வியர்வை என்று வந்தால், ‘இந்த வயதில் இதெல்லாம் சகஜம்’ என்று சொல்லி அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். அப்படிக் கேட்டுக் கேட்டே, சொல்வதை நிறுத்திவிட்ட எத்தனையோ அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் மாதவிலக்கின் மேல் பாரத்தைப் போட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்பது மாத்திரை டப்பாவைத்தான். சர்க்கரைக்கு எடுப்பது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகையா? கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்துகள் அவை. ராத்திரி ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, மாத்திரையை மட்டும் முழுதாகப் போட்டால், விடிவதற்குள் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். கூடவே வெந்தயம் வேறு. அதற்கும் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கும் குணம் உண்டு. சர்க்கரை இறங்கினால் உடம்பு எச்சரிக்கை மணி அடிக்கும்: படபடப்பு, கை நடுக்கம், வியர்வை.

இனி பிரஷர் மாத்திரைக்கு வருவோம். அது மெட்டோபுரோலால், அட்டினலால் போன்ற பீட்டா தடுப்பானாக, அதாவது அட்ரினலின் வேகத்தைத் தணித்து இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தாக இருந்தால், படபடப்பையும் நடுக்கத்தையும் அது அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அமுக்காது. ஏனென்றால் வியர்வைச் சுரப்பிக்கு உத்தரவு கொண்டுபோவது அட்ரினலின் இல்லை, அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருள். மூன்று மணிகளில் இரண்டு ஊமையாகி, மிச்சமிருக்கும் ஒரே மணி இந்த வியர்வையாகவும் இருக்கலாம். அதை உடம்புச் சூடு என்று எண்ணி, மேலும் வெந்தயம் சாப்பிட்டால் நிலைமை எங்கே போகும் என்று நினைக்கவே எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். குளுக்கோமீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து எழுந்தவுடன் விரலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாளே டாக்டரிடம் போய் மாத்திரை அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்களாகவே எதையும் நிறுத்தவேண்டாம். மனச்சோர்வுக்கு செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் எடுத்தாலும், மார்பகப் புற்றுநோய்க்குப் பின் டமாக்சிஃபென், லெட்ரோசோல் எடுத்தாலும் வியர்க்கும். அந்தச் சீட்டுகளையும் காட்டுங்கள்.

அடுத்து, நம் நாட்டில் கேட்காமல் விடக்கூடாத கேள்வி: காசநோய். ராத்திரி வியர்வை, விடாத இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது இவை நான்கும் அதன் அறிகுறிகள். வயதானவர்களுக்கு இருமல் லேசாகவே இருந்து ஏமாற்றிவிடும். எடை மெஷின் வீட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போன தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை தொளதொளக்கிறதா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, பாருங்கள். கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டாலும் சொல்லுங்கள். நிணநீர்க் கணுக்களில் வரும் லிம்ஃபோமா என்ற புற்றுநோயும் ராத்திரியில் வியர்க்கவைக்கும். மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ரத்த எண்ணிக்கை, தைராய்டு இவற்றை முதலில் பார்த்துவிடலாம். ஆனேகல் அரசு மருத்துவமனை, ஓசூர் அரசு மருத்துவமனை, எது வசதியோ அங்கே போங்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம், மாநில எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும்.

காசநோய் என்றதும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் விலகிவிடுவார்களோ என்ற பயம் வரும், எனக்குத் தெரியும். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இதைத்தான் சோதித்தது. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கவைத்தவர்களையும் ஒப்பிட்டு, வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று 1959இல் உலகத்துக்குச் சொன்னது. சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஒதுக்கிவைக்கும் காலம் அதோடு மாறத் தொடங்கியது.

எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்றால், அப்போது ஹைப்போதலாமஸ்தான் காரணம் என்று நிம்மதியாகச் சொல்லலாம். ஹார்மோன் மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அறுபதைத் தாண்டி, மாதவிலக்கு நின்று பத்து வருடமும் கடந்தபின் புதிதாகத் தொடங்கினால் பக்கவாதம், ரத்தக்கட்டு ஆபத்து கூடும். ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கவேண்டாம். ஹார்மோன் அல்லாத மருந்துகளும் உண்டு. ராத்திரி வேளையில் கபாபென்டின் சிலருக்குப் பலன் தருகிறது. ஹைப்போதலாமஸில் இந்த வியர்வையைக் கிளப்பிவிடும் நரம்பணுக்களையே அமைதிப்படுத்தும் ஃபெசோலினெடன்ட் என்ற புது மருந்துக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி கொடுத்தது. எது பொருந்தும் என்று உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஜில்லென்ற வியர்வையோடு நெஞ்சு இறுக்கம், தாடை வலி, மூச்சுத் திணறல் வந்தால் அந்த ராத்திரியே 108ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும்.

கடைசியாக, ஜன்னல். தாராளமாகத் திறந்து வையுங்கள், கொசுவலை அடித்திருந்தால் போதும். ஜலதோஷம் கிருமியால் வருவது, காற்றால் இல்லை. இதை நான் சொன்னதாகவே வீட்டில் சொல்லலாம். ஹைவே தூசி அதிகம் என்றால் உள்பக்கக் கதவையாவது திறந்துவிட்டு, ஃபேனைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். தடித்த கம்பளி ஒன்றுக்குப் பதிலாகப் பருத்திப் போர்வை இரண்டு எடுத்துக்கொண்டால், வியர்க்கும்போது ஒன்றை மட்டும் தள்ளிவிடலாம். மாற்று நைட்டியும் துண்டும் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். இருட்டில் பீரோவைத் தேடி நடந்து விழவேண்டாம்.