தீவுகளில் இடைநின்ற மாணவரும் கல்வி நிதியும்

பள்ளியை இடையில் விட்டவரை மீண்டும் கல்விக்குக் கொணரும் நிதி எவரைச் சென்றடைகிறது என்பது ஆராயத்தக்கது. 2018-ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டச் செலவில் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதம் ஏற்க வேண்டும். அந்தமான் நிகோபார் சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசமாதலின், அங்கு முழுச் செலவும் மத்திய அரசுடையதாக வகுக்கப்பட்டது.

2021-ல் இத்திட்டம் திருத்தப்பட்டபோது, பள்ளி செல்லாத 16 முதல் 19 வயதினர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியே படிப்பை முடிக்க, வகுப்பொன்றுக்கு ரூ.2,000 வரை உதவி வகுக்கப்பட்டது. அப்பள்ளியில் ஒருமுறை பதிந்தவர் ஐந்தாண்டுகளில் ஒன்பது முறை தேர்வெழுதலாம். வேலைக்குச் செல்லும் இளைஞருக்கு இது பெரும் வசதி.

ஆயின் உதவி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கே உரியது. நிகோபாரிப் பழங்குடி மாணவர் இதனைப் பெறுவர். தாழ்த்தப்பட்டோர் பட்டியலோ இப்பிரதேசத்துக்கென அறிவிக்கப்படவே இல்லை! இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் இங்கு எப்பட்டியலிலும் சேரார். குடியேறிய பிற ஏழைக் குடும்பங்களின் நிலையும் இதுவே.

சாதிப் பட்டியலுக்குப் பதில் குடும்ப வருமானத்தை அளவுகோலாகக் கொண்டால் இக்குறை நீங்கும். 2011 கணக்கெடுப்பின்படி 3.80 இலட்சம் மக்களே வாழும் இப்பிரதேசத்தில் அதற்காகும் கூடுதற் செலவு சிறிதே.