இடுப்பு முறிந்தவரைப் படுக்கையில் போடாதீர்கள்

"வயசுபோன உடம்பு, ஒபரேஷன் தாங்காது. கட்டிப்போட்டுப் படுக்க விட்டா எலும்பு தானாப் பொருந்தும்." கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டில் முதியவர் விழுந்தாலும் இந்தப் பேச்சுத்தான். இயன்மருத்துவராக இதைக் கேட்டுக் கேட்டே என் பொறுமை போய்விட்டது.

ஜம்பட்டா வீதிப் பக்கம் ஓர் ஒழுங்கை வீடு. குளியலறையில் சறுக்கி விழுந்த பாட்டி பாயில் கிடந்தார். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சரிந்திருந்தது. இடுப்பைச் சுற்றி எண்ணெய்த் துணிக்கட்டு. விழுந்து பதினொரு நாள். முதுகடியில் தோல் உரியத் தொடங்கியிருந்தது. பெரியாஸ்பத்திரியோ ஆட்டோவில் போகிற தூரம்!

இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது தொடை எலும்பின் மேல்முனை முறிவதை. அதன் உருண்டைத் தலைக்கு இரத்தம் பெரும்பாலும் அதைத் தாங்கும் எலும்புக் கழுத்துப் பக்கமாகத்தான் ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்த வழி அறுந்துபோகும். இரத்தம் போகாத எலும்பை எந்தக் கட்டு பொருத்தும்? சற்றுக் கீழே முறிந்தால், வாரக்கணக்கில் அசையாமல் கிடந்து பொருந்தக்கூடும். அதற்குள் நியுமோனியா, படுக்கைப் புண், காலில் இரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாய் வந்து ஆளையே கொண்டுபோய்விடும்.

2020இல் லான்செட் சஞ்சிகையில் ஹிப் அட்டாக் ஆய்வு வெளிவந்தது. இந்தியா உட்பட 17 நாடுகள், 69 வைத்தியசாலைகள், 2,970 நோயாளிகள். சத்திரசிகிச்சை வேண்டுமா என்று அதில் யாரும் கேட்கவில்லை. முறிவு தெரிந்து ஏறக்குறைய 6 மணித்தியாலத்தில் செய்வதா, 24 மணித்தியாலத்தில் செய்வதா என்றே பார்த்தார்கள். 90 நாளில் இறப்பு 9, 10 சதவீதம், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முந்திச் செய்தவர்களுக்கு மதிமயக்கம் குறைவு, எழுந்து நின்றதும் முந்தி. அங்கே மணிக்கணக்குப் பார்க்கிறார்கள், நாங்கள் பதினொரு நாள் எண்ணெய் பூசுகிறோம்.

"சீனி, பிரஷர் இருக்கே?" அதைப் பார்க்கத்தான் மயக்கமருந்து வைத்தியர் இருக்கிறார். முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்க வைத்தும் செய்யலாம். ஏற்கெனவே இறுதிக்கட்டத்தில் இருப்பவருக்கு வேண்டாமென்று முடிவெடுப்பதும் உண்டு. அதை வைத்தியரும் வீட்டாரும் பேசி எடுக்கட்டும், பக்கத்து வீட்டார் வேண்டாம்.

கை, கால் முறிவு எதுவானாலும் இன்னும் சில பேச்சுகள் உண்டு. ஆட்டுக்கால் சூப் எலும்பை ஒட்டாது, பசிக்குக் குடியுங்கள். விரல் அசைந்தால் முறிவில்லை என்பது பொய். இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் பொருந்தும் என்பது ஆபத்தான பேச்சு: இரத்த ஓட்டம் நின்று கையையே இழந்தவர்கள் உண்டு.

பாட்டியை அன்றே ஏற்றி அனுப்பினோம். பிறகு அந்தக் குளியலறையைப் போய்ப் பார்த்தேன். வழுக்கும் சீமெந்துத் தரை. அவர் பிடித்த பிளாஸ்டிக் துவாய்க்கம்பி ஆணியோடு கழன்று கிடந்தது. சுவரில் ஓர் இரும்புக் கைபிடி பூட்ட எவ்வளவு செலவாகும்? வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மறுத்தால் என்னைக் கூப்பிடுங்கள், நானே வந்து பேசுகிறேன்.