ஒரு காலைக்கு ஒரு பாதை

மே மாதத்தில் குழந்தைகளோடு கொடைக்கானல் போகிற குடும்பங்கள் பலவற்றின் கையில் ஒரே பட்டியல்தான் இருக்கும்: தூண் பாறை, குணா குகை, பைன் காடு, ஏரி, கோக்கர்ஸ் வாக். வண்டி பேசினால் ஒரே நாளில் அத்தனையையும் காட்டிவிடுவார்கள். ஆறேழு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இந்தப் பட்டியல் ஆகாது என்பதே அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு. ஒரு காலைக்கு ஒரு பாதை, அதுவும் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்று திட்டத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பட்டியலைத் துரத்தும் நாளில் பிள்ளை மலையில் நடந்த நேரத்தைவிட வண்டிக்குள் அடைந்து கிடந்த நேரமே அதிகம். சீசன் நெரிசலை மலைச்சாலை தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள். வளைவுச் சாலையில் குமட்டல் அதிகம் வருவதோ ஏறக்குறைய 2 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு. மலையேறி வந்த களைப்பு தீருமுன் மறுபடி அதே வண்டியில் ஏற்றினால், எந்த இடத்தையும் பார்க்கிற நிலையில் பிள்ளை இருக்காது.

சரி, எந்தப் பாதை? தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கிறவர்களே அதிகம். நான் முதலில் பார்ப்பது, நினைத்த இடத்தில் திரும்ப முடியுமா என்பதை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு மூன்று மைல், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது திடகாத்திரமான பெரியவர்களின் கணக்கு. நாலு வயதுப் பிள்ளைக்கு அதை இரண்டால் பெருக்கினாலும் போதாது, ஏனென்றால் பிள்ளை பாதி நேரம் நடப்பதே இல்லை. எறும்பு வரிசை கண்டால் உட்காரும், கல் பொறுக்கும், வந்த வழியே பத்தடி ஓடும். அதை இழுத்துக்கொண்டு போவதால்தான் அழுகை வருகிறது. கொடைக்கானல் ஏரிக்கரைச் சுற்று சுமார் 5 கிலோமீட்டர். முழுதும் சுற்ற வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சமதரை என்பதால் எங்கே சலித்ததோ அங்கே திரும்பலாம். கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர் அளவே. இதற்கு நேர் எதிரானவை, முதலில் இறங்கிப் பிறகு ஏறவேண்டிய பாதைகள். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது பிள்ளை துள்ளிக் குதித்து முன்னால் ஓடும். கால் ஓய்ந்து, துணி நனைந்து, பசித்த பிறகுதான் அத்தனை படியும் ஏற வேண்டும். அப்போது உப்புமூட்டை தூக்குவது அப்பா. வட்டக்கானல் டால்பின் நோஸும் அப்படித்தான். வேர்கள் பின்னிய சரிவில் இறங்கிப் போய்ப் பாறை விளிம்பில் முடிகிறது. கைப்பிடி உதறும் வயதுப் பிள்ளைக்கு அது இடமே இல்லை.

காலை என்று நான் அழுத்துவதற்குக் காரணம் வானிலை. கோடையில் மேற்கு மலைகளில் பிற்பகலில் மேகம் திரண்டு இடியோடு கொட்டுவது வழக்கம். திறந்த முகட்டில் அந்த நேரத்தில் நிற்கக்கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். அந்தக் குளிர்ச்சி இரண்டு விதமாக ஏமாற்றும். புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்கு 10 சதவீதம் அளவில் கூடுகிறது, வெயில் உறைக்காததால் தொப்பி மறந்துபோகிறது. தூக்கிக்கொண்டு நடக்கிற பெரியவருக்கு வியர்க்கும். முதுகில் அசையாமல் இருக்கிற குழந்தைக்கோ உடல் சூடு வேகமாக இறங்கும். நமக்குப் புழுங்குகிறதே என்று அதன் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்த்து முடிவுசெய்வதே சரி.

இவ்வளவு செலவு செய்து, லீவு போட்டு வந்துவிட்டு ஒரு பாதையோடு திரும்புவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, முக்கியமாக கிடைப்பதே இரண்டு நாள் என்கிற வீட்டில். ஆனால் ஆறு இடத்தில் இறங்கி ஏறிய நாளில் பெரியவர்களும் வாகன நிறுத்தத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய இடம் இருந்தால் ஒருவர் பிள்ளையோடு இருக்க, மற்றவர்கள் முறைவைத்துப் போய் வரலாம். எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்பது நாமே போட்டுக்கொண்ட விலங்கு. மூன்று வயதில் பார்த்தது எதுவும் நினைவிருக்காதே என்பது இன்னொரு வாதம். அது உண்மையானால், குறைவாகக் காட்டுவதற்குத்தான் அது சாதகம். மலைக்கிராமத்துப் பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்து பள்ளிக்கூடம் போவதில்லையா, நம் பிள்ளைகள்தான் சொகுசு என்று தாத்தாக்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தப் பிள்ளைகள் தினமும் நடந்து பழகியவர்கள், பாதை தெரிந்தவர்கள். நம் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் வரவேண்டுமென்றால், ஊரில் மாலை நடையாக அது தொடங்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மலையில் வைத்துப் பழக்க முடியாது.

காட்டுக்குள் போகும் பாதைகளைப் பற்றி ஒரே வார்த்தை: அனுமதியில்லாத வழியில் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. காய்ந்த புல்வெளிச் சரிவில் தீ ஏறும் வேகத்துக்குப் பெரியவர்களாலேயே ஓட முடியாது. வனத்துறை திறந்துவிட்டிருக்கும் தடங்களில், வழிகாட்டியோடு போகலாம். தேயிலைத் தோட்டத்தில் தங்கினால் பொழுது சாய்ந்தபின் பிள்ளையை வாசலில் விளையாட விடக்கூடாது. வால்பாறையில் சிறுத்தை பிள்ளைகளைத் தாக்கியிருக்கிறது. கொடைக்கானலிலும் குன்னூரிலும் காட்டுமாடு தெருவிலேயே நடக்கும்.

இறங்கும் நாளை யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை. காது அடைப்பு பெரும்பாலும் அப்போதுதான் படுத்தும், சளி பிடித்திருந்தால் இன்னும். விழுங்கும்போது காது திறக்கும் என்பதால் கைக்குழந்தைக்குப் பால், நடக்கிற பிள்ளைக்கு மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். குலுங்குகிற வண்டியில் சின்னப் பிள்ளைக்குக் கடலைமிட்டாய் தந்தால் புரையேறும். வயிறு முட்டச் சாப்பிட வைத்து உடனே வண்டியேற்றாமல், இட்லி ஒன்றிரண்டோடு நிறுத்தி, அரைமணி கழித்துக் கிளம்பினால் பாதி வளைவிலேயே பை தேட வேண்டியிருக்காது.