புளோரிடாவின் கிராக்கர் குதிரை

குதிரை என்றவுடன் பந்தயத் திடலில் பாய்ந்தோடும் நெடிய குதிரையே நம் கண்முன் தோன்றும். நாம் இங்கு அறிய முற்படுவது அத்தகைய குதிரையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் புளோரிடா மாநிலத்தில், சேற்றிலும் புதரிலும் மாடு மேய்த்து வாழ்ந்த ஒரு சிறு குதிரையாகும் இது. தோள்வரை அளந்தால் 54 முதல் 60 அங்குலமே இருக்கும். இதனைக் ‘கிராக்கர்’ குதிரை என்பர்.

அமெரிக்கக் கண்டத்தில் குதிரையினம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்துபோயிற்று. அதனை மீண்டும் அங்குக் கொண்டு சேர்த்தவர்கள் ஸ்பானியர்கள். 1521-இல் போன்ஸ் தே லியோன் என்பவரும், 1539-இல் இருநூறுக்கு மேற்பட்ட குதிரைகளுடன் தே சோட்டோ என்பவரும் புளோரிடாவில் வந்திறங்கினர். பின்னர்க் குடியேற்றங்களும் மாட்டுப் பண்ணைகளும் தோன்றின. 1700-ஆம் ஆண்டிற்குப் பின் வடக்கே கரோலினாவிலிருந்து ஆங்கிலேயர் படையெடுத்துக் குடியிருப்புகளை எரித்தபோது அப்பண்ணைகளும் பாழாயின. தப்பியோடிய குதிரைகள் காட்டு விலங்குகளாயின. வெப்பம், கொசு, சத்தற்ற புல் ஆகியவற்றைத் தாங்கியவை மட்டுமே பிழைத்துப் பெருகின. செமினோல் பழங்குடியினர் அவற்றைப் பிடித்துப் பழக்கினர். 1774-இல் அங்குச் சென்ற வில்லியம் பார்ட்ரம் என்னும் இயற்கை ஆய்வாளர் அக்குதிரைகளின் அழகையும் துடிப்பையும் வியந்து எழுதியுள்ளார்.

பின்னர் வந்து குடியேறிய மாட்டுக்காரர்களுக்கும் இக்குதிரையே துணையாயிற்று. புதருக்குள் மறைந்த மாடுகளை அவர்கள் நாய்களைக் கொண்டு கிளப்பி, நீண்ட சாட்டையைச் சொடுக்கி ஓட்டி வந்தனர். அச்சாட்டையின் ஓசையாலேயே ‘கிராக்கர்’ என்னும் பெயர் வந்தது என்பாரும் உளர்.

இக்குதிரையின் தனிச்சிறப்பு அதன் நடை. மயிலின் பெயராலும் குரங்கின் பெயராலும் குதிரையின் கதிகளை வகுத்துப் பெயரிட்ட நம் முன்னோர், இதனைக் கண்டிருந்தால் இதற்கும் ஒரு பெயர் சூட்டியிருப்பர்! சாதாரணக் குதிரை துள்ளோட்டம் ஓடும்போது முன்கால் ஒன்றும் அதற்குக் குறுக்கே உள்ள பின்கால் ஒன்றும் ஒருங்கே தரையில் ஊன்றும். இடையே உடல் முழுவதும் அந்தரத்தில் எழும். அதனால் ஏறியிருப்பவர் குலுங்குவார். கிராக்கர் குதிரைகள் பலவற்றுக்கோ, நான்கு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றி விரையும் நடை பிறவியிலேயே அமைந்துள்ளது. எப்பொழுதும் ஒரு காலேனும் தரையில் இருப்பதால் குலுக்கல் மிகக் குறைவு. விடியல் முதல் அந்திவரை சேணத்தில் அமர்ந்து உழைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 2012-இல் சுவீடன் நாட்டு அறிவியலறிஞர்கள், இத்தகைய நடைக்குதிரை இனங்கள் பலவற்றில் ஒரே மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தனர். அது முதுகுத்தண்டின் நரம்புகளில் செயற்படுவதாகும்.

இவ்வளவு பயன்பட்ட குதிரையை வீழ்த்தியது போரன்று, ஓர் ஈ! 1930-களில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் கடும் வறட்சி ஏற்பட்டபொழுது அங்கிருந்து மாடுகள் புளோரிடாவிற்கு அனுப்பப்பட்டன. அவற்றுடன் புண்ணில் முட்டையிடும் ஈயும் வந்தது. அதன் புழு உயிருள்ள சதையையே தின்னும். இவ்வினத்திற்கு உறவான ஈ நம் நாட்டிலும் உண்டு. மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் என்னவாகும் என்பதைத் தோட்டத்தில் மாடு வளர்த்த பெற்றோர் நன்கறிவர். மருந்திட வேண்டுமெனில் ஒவ்வொரு மாட்டையும் கயிற்றுச் சுருக்கில் பிடித்து அசையாது நிறுத்த வேண்டும். சாட்டைக்குப் பழகிய சிறு குதிரையால் ஒரு காளையின் முழு இழுப்பைத் தாங்க இயலவில்லை. எனவே பருத்த, வலிமை மிக்க ‘குவார்ட்டர்’ இனக் குதிரைகள் வந்தன. நூற்றாண்டுகளாக உழைத்த இனம் ஒதுக்கப்பட்டது.

அந்த ஈயின் கதையும் கேட்கத்தக்கதே. அதன் பெண் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே இணையும். எனவே கதிர்வீச்சால் மலடாக்கப்பட்ட ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து விமானத்திலிருந்து தூவினர். 1958-இல் செப்ரிங் என்னும் ஊரில் இதற்கென ஓர் ஈத் தொழிற்சாலையே இயங்கியது! மறு ஆண்டிலேயே அந்த ஈ அப்பகுதியிலிருந்து அகன்றது. ஆனால் அதற்குள் கிராக்கர் குதிரையும் பண்ணைகளிலிருந்து அகன்றுவிட்டது.

எஞ்சியவற்றைக் காத்தவை ஒரு சில குடும்பங்களே. ஊதியம் கருதாது, தம் பாட்டனார் வளர்த்த குதிரை என்னும் ஒரே காரணத்தால் அவர்கள் கலப்பின்றி வளர்த்து வந்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் லா ஏயர்ஸ் 1984-இல் ஒரு சிறு கூட்டத்தை மாநில அரசுக்கு வழங்கினார். 1989-இல் இவ்வினத்திற்கெனச் சங்கம் அமைந்து, 1991-இல் பதிவேடு தொடங்கப்பட்டது. 2008-இல் இது புளோரிடாவின் மரபுக் குதிரையாக அறிவிக்கப்பட்டது. எனினும் இன்றும் இது அருகிய இனங்களின் பட்டியலிலேயே உள்ளது.

கெயின்ஸ்வில் நகருக்கு அருகே பெயின்ஸ் பிரெய்ரி என்னும் பரந்த புல்வெளி உண்டு. ஸ்பானியர் காலத்தில் லா சுவா என்னும் பெரும் மாட்டுப் பண்ணை இருந்த இடம் அது. பார்ட்ரம் குதிரைக் கூட்டங்களைக் கண்டதும் அங்கேதான். இன்று அது காப்பகமாக விளங்குகிறது. அங்குள்ள புல்வெளியில் சேணமோ கடிவாளமோ இன்றிக் கிராக்கர் குதிரைகள் சில மேய்ந்து திரிகின்றன.