சிவப்பு ஹக்கிள்பெர்ரி: மட்கிய மரத்தில் வளரும் பழச்செடி

வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் அந்தக் காலத்தில் வெட்டிய பெரிய சிடார் மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் நிற்கின்றன. பலவற்றின் உச்சியில் பச்சைக் குச்சிகளோடு ஒரு புதர் முளைத்திருக்கும். அதுதான் சிவப்பு ஹக்கிள்பெர்ரி. தாவரவியல் பெயர் வாக்சினியம் பார்விஃபோலியம். தென்கிழக்கு அலாஸ்கா முதல் கலிபோர்னியாவின் நடுப்பகுதி வரையுள்ள பசிபிக் கரையோரக் காடுகள்தான் அதன் சொந்த இடம். பழம் தின்ற பறவை கட்டைமேல் எச்சமிட, விதை அங்கேயே வேர்பிடிக்கிறது. சியாட்டில், வான்கூவர் பக்கம் குடியிருந்து இதை வளர்க்க ஆசைப்படுபவர்கள் தோட்டமண்ணைத் தேடுமுன் மட்கிய மரத்தைத் தேடுங்கள்.

அடையாளம் காணத் தண்டிலிருந்து தொடங்குங்கள். இளங்குச்சியை இரு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தால், கூரான விளிம்புகள் தட்டுப்படும். பளிச்சென்ற பச்சை நிறம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின்னும் அந்தப் பச்சை போகாது. வளர்ந்த செடியில் இலை 1 முதல் 3 செ.மீ. நீளம், விளிம்பில் பல் இருக்காது. வசந்தத்தில் இலைக்கக்கத்தில் ஒவ்வொன்றாகக் குட்டிக் குடுவை போன்ற பூக்கள் கவிழ்ந்து தொங்கும். ஜூலை, ஆகஸ்டில் பழுக்கும் பழம் ஒரு செ.மீ.க்கு உட்பட்டது, வெயிலில் பிடித்தால் ஒளி ஊடுருவும் சிவப்பு, புளிப்பு தூக்கல்.

வாயில் போடுமுன் பழத்தின் நுனியைப் பார்த்தே ஆகவேண்டும். கொய்யாப்பழத்தில் காம்புக்கு எதிர்முனையில் புல்லி ஒட்டியிருக்குமல்லவா, அதே இடத்தில் இதிலும் ஒரு சின்ன வட்ட விளிம்பு இருக்கும். அதே காடுகளில் சிவப்புப் பழம் காய்க்கும் கத்தரிக் குடும்பத்து நச்சுக்கொடி ஒன்று உண்டு. அதில் புல்லி காம்புப் பக்கம் இருக்கும். பேன்பெர்ரி இன்னும் ஆபத்தானது. அதன் சிவப்புப் பழத்தின் நுனியில் ஒரு கரும்புள்ளி இருப்பதால் அவசரத்தில் ஏமாறலாம். ஆனால் அது மென்தண்டுச் செடி. பழங்கள் உச்சியில் கொத்தாக நிற்கும், இலை பிளவுபட்டுப் பல்லோடு இருக்கும். தண்டு, இலை, பழம் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இனி வளர்ப்பு. காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். தேசியப் பூங்காக்களில் அது சட்டப்படி குற்றம். மரத்துக்குள் ஓடிய வேர் அறுந்தால் செடி பிழைப்பதும் அரிது. நாட்டுச் செடிகள் விற்கும் நர்சரியில் கன்று வாங்குங்கள். 'கார்டன் ஹக்கிள்பெர்ரி' என்ற விதைப் பாக்கெட் வேறு இனம், நம் மணத்தக்காளிக்கு உறவு.

விதையிலிருந்து வளர்ப்பதானால், கனிந்த பழத்தைத் தண்ணீரில் பிசையுங்கள். சதை மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். ஈரமான பீட் கலவைமேல் தூவி, மூடாமல் விடுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். இலையுதிர்காலத்தில் விதைத்து வெளிக்குளிரில் வைத்தால் வசந்தத்தில் தலைகாட்டும். இளங்கன்றின் இலையில் பல் இருக்கும், குளிரிலும் உதிராது. வேறு செடி என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். வளர்ச்சி மிக மெதுவானது. பழத்துக்குச் சில ஆண்டுகள் ஆகும்.

நடவுக்கு இலையுதிர்கால மழை தொடங்கும் சமயம் நல்லது. கையால் அழுத்தினால் செந்தூளாக உதிர்கிற ஹெம்லாக் அல்லது டக்ளஸ் ஃபிர் கட்டையைப் பாதி புதையுங்கள். புதிதாக வெட்டிய மரச்சீவல் உதவாது; அது மட்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். கட்டையில் குழி தோண்டி, மட்கிய மரத்தூளும் பட்டைத்தூளும் நிரப்பி, தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் நட்டு, மேலே ஊசியிலைச் சருகு பரப்புங்கள். சுண்ணாம்பும் சாம்பலும் கிட்டவே வரக்கூடாது. செடிக்கு அமிலத்தன்மை வேண்டும். உரமும் வேண்டாம், வேரோடு வாழும் பூஞ்சையே ஊட்டம் சேர்த்துத் தரும். அரைநிழல் போதும், ஆனால் காலை வெயில் பட்டால் காய்ப்பு கூடும். அங்கே கோடையில்தான் வறட்சி என்பதால், முதல் இரண்டு கோடைகளில் கட்டை காயாமல் தண்ணீர் விடுங்கள்.

இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் வாக்சினியம் ஓவாட்டம் என்ற பசுமைமாறா ஹக்கிள்பெர்ரியை நடலாம். தடித்த, பல்லுள்ள, பளபளக்கும் இலை, கறுப்புப் பழம். அமிலத்தன்மையுள்ள தோட்டமண்ணிலேயே கட்டை இல்லாமல் வளரும்.