சிறு கேமராவில் விண்மீன்கள்

தை மாத முன்னிரவில் சித்தூரின் மாந்தோப்புகளுக்கு மேலே கிழக்கு வானில் திருவாதிரை செந்நிறமாய் ஒளிரும். கேமரா அத்திசையைச் சில விநாடிகள் நோக்கினால், கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் படத்தில் தோன்றும். கண் ஒளியை நெடுநேரம் சேர்த்து வைப்பதில்லை. கேமரா சேர்த்து வைக்கும்.

இப்பண்பே வானியலுக்குத் துணையாயிற்று. 1949இல் ஹார்வர்டில் பயின்ற வைணு பாப்பு, தாம் எடுத்த விண்படத்தில் ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். சித்தூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே 1988இல் இராஜமோகன் கண்டறிந்த சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

கேமரா வாங்குவோர் மெகாபிக்சல் எண்ணிக்கையை மட்டும் நோக்குதல் போதாது. ஷட்டரை 15 விநாடிகளேனும் திறந்து வைக்கும் வசதி, கையால் குவியப்படுத்தும் வசதி, ஒளியை மிகுதியாக உள்வாங்கும் லென்ஸ் ஆகிய மூன்றும் வேண்டும். கேமரா அசையாதிருக்க முக்காலியும் தேவை. பொத்தானை அழுத்தும் விரலே படத்தைக் கலங்கச் செய்யும். ஆதலின் 10 விநாடி டைமரைப் பயன்படுத்துதல் நன்று.

பூமி 4 நிமிடங்களுக்கு 1 பாகை சுழல்கிறது. ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால் விண்மீன்கள் புள்ளிகளாக அமையாமல் கோடுகளாக நீளும். இதைத் தவிர்க்க, 500ஐ லென்ஸின் 35 மி.மீ. இணைக் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். 25 மி.மீ. எனில் 20 விநாடிகளே உச்ச அளவு. நிலவோ மிகுந்த ஒளியுடையது. அதற்கு ஒரு விநாடியின் சிறு பகுதியே போதும். தக்க வடிகட்டியின்றிக் கேமராவைக் கதிரவனை நோக்கித் திருப்புதல் கூடாது.

திருப்பதி நகரின் விளக்கொளி வானில் படர்ந்து மங்கிய விண்மீன்களை மறைக்கிறது. விலைமிகுந்த கேமராவாலும் அவ்வொளியை முற்றும் நீக்க இயலாது. நகரைக் கடந்த இருண்ட வெளியில் சிறு கேமராவே அதனினும் நல்ல படம் தரக்கூடும். ஆகவே, கேமராவைத் தேர்வதினும் இடத்தைத் தேர்வதே முதன்மையானது.

சொற்பொருள்
புலப்படாத – தெரியாத
பாகை – கோண அளவு
முன்னிரவு – இரவின் முற்பகுதி

பயிற்சி
1. கண்ணுக்கும் கேமராவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. குவியத் தொலைவு 50 மி.மீ. எனில் ஷட்டர் எத்தனை விநாடிகள் திறந்திருக்கலாம்?
3. உம் ஊரில் விண்படம் எடுக்க ஏற்ற இடம் எது? காரணம் தருக.