ஆளுக்கொரு பாட்டில்: ஆண்டின் பிடித்த ஒயினைப் பகிர்ந்து ருசிக்க, தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் மெர்சோ என்று ஓர் ஊர். வெள்ளை ஒயினுக்குப் பேர்போனது. பக்கத்து ஊரான போனில் 1443-இல் ஒரு தர்ம ஆஸ்பத்திரி நிறுவினார்கள். அதன் பேரில் ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாவது ஞாயிறன்று புது ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக ஏலம் விடுவார்கள். 1859-இல் தொடங்கிய ஏலம் அது. மறுநாள் திங்கட்கிழமை மெர்சோவில் மதிய விருந்து. லா போலே என்பார்கள். அறுவடை முடிந்ததும் தோட்டத்து ஆட்களோடு முதலாளியும் உட்கார்ந்து சாப்பிடும் பழைய வழக்கத்தை, 1923-இல் ஜூல் லஃபோன் என்ற ஒயின் பண்ணைக்காரர் மறுபடி உயிர்ப்பித்தார்.

இந்த விருந்தின் விதி எளிது. சாப்பாடு அவர்கள் பொறுப்பு, ஒயின் உங்கள் பொறுப்பு. வருகிறவர்கள் தங்கள் நிலவறையில் ஆசையாக வைத்திருந்ததை எடுத்து வருவார்கள். பக்கத்து மேசைக்காரர் தம் பாட்டிலோடு எழுந்து வந்து உங்கள் கிளாஸில் ஊற்றினால், பதிலுக்கு உங்களுடையதை ஊற்றுவதுதான் மரியாதை. மதியம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க இருட்டிவிடும். இலக்கியப் பரிசு ஒன்றும் உண்டு: எழுத்தாளருக்கு 100 பாட்டில் மெர்சோ. (நம் ஊர் அகாதெமிகள் கவனிக்க.)

டிசம்பர் வந்தால் ஒயின் பிரியர்கள் எல்லா நாட்டிலும் ‘இந்த ஆண்டு குடித்ததில் எனக்குப் பிடித்தவை’ என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்கள். அடுத்தவர் குடித்ததைப் படிப்பதில் பெரிய சுகமில்லை. அதே பாட்டிலை அவர் கையால் ஊற்றி வாங்கிக் குடித்தால் விஷயம் வேறு. மெர்சோ விருந்தைச் சிறிய அளவில் உங்கள் வீட்டிலேயே நடத்தலாம். நண்பர்களும் பொறுமையும் இருந்தால் போதும். சட்டப்படி குடிக்கும் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படி 1: தலைக்கணக்கு

எட்டுப் பேர், எட்டு பாட்டில். இதுவே நல்ல கணக்கு. ஒரு பாட்டிலில் 750 மி.லி. இருக்கும். முதல் சுற்றில் ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் 400 மி.லி. போய், ஒவ்வொரு பாட்டிலிலும் 350 மிச்சம் நிற்கும். இந்த மிச்சம்தான் பிறகு நமக்குத் தீர்ப்புச் சொல்லப்போகிறது. ஆகவே ஊற்றுகிற கை தாராளமாகிவிடக் கூடாது. முதல் தடவை அளவுக் குவளையில் 50 மி.லி. தண்ணீரை அளந்து கிளாஸில் விட்டு, அது எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். எட்டு முறை குடித்தால் 400 மி.லி., பாதி பாட்டிலுக்கும் மேல்.

அதனால் துப்புவதற்கு ஆளுக்கொரு காகிதக் குவளை வையுங்கள். தொழில்முறையில் ருசிப்பவர்கள் எல்லாரும் துப்புகிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வண்டி ஓட்டி வந்தவர்கள் ஆட்டோவிலோ டாக்ஸியிலோ திரும்பட்டும்.

படி 2: எந்த பாட்டில்?

புதிதாக வருகிறவர் தடுமாறும் இடம் இதுதான். ‘சிறந்தது’ என்றதும் கை தானாக விலை அதிகமானதை நோக்கிப் போகும். நண்பர்களுக்கு ஒரே ஒரு வரி அனுப்புங்கள்: இந்த ஆண்டு நீங்கள் குடித்ததில், இரண்டாவது பாட்டில் வாங்கவேண்டும் என்று தோன்றியது எதுவோ அதைக் கொண்டு வாருங்கள். விலைக்கு ஓர் உச்சவரம்பும் சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

குறைந்த செலவில் உயர்ந்த தரம் கிடைக்கும் மூலைகள் ஒயின் உலகில் இன்னும் இருக்கின்றன. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங், அதிலும் காபினெட் என்ற வகை, ஆல்கஹால் 8 சதவீத அளவிலேயே நின்று இனிப்பும் புளிப்பும் இழுபறியாக இருக்கும். பிரான்சில் போஜோலேயின் மோர்கோன், லுவார் ஆற்றங்கரையின் ஷினோன் இரண்டும் சிவப்பில் நல்ல அறிமுகம். ஸ்பெயினின் ஃபீனோ ஷெரியை யாராவது கொண்டு வந்தால் அவருக்கு நல்ல இடமாகப் பார்த்து நாற்காலி போடுங்கள். உப்புக்காற்று அடிக்கும் அந்த வறண்ட ஒயினை மக்கள் இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்பது என் கட்சி. பிரான்சின் ஜூரா மலையடிவாரத்து ஒயினான வான் ஜோன் கிடைத்தால் இன்னும் விசேஷம். பீப்பாயில் ஆறு ஆண்டு மூன்று மாதமாவது கிடந்த பிறகே அதை விற்கலாம். அதற்கென்றே 620 மி.லி. பிடிக்கும் தனி பாட்டில் உண்டு. அது வந்தால் உங்கள் அளவுக் கணக்கு கொஞ்சம் உதைக்கும்.

ஏலத்தில் பழைய அபூர்வ பாட்டில் தேடுவதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பர்கண்டியின் பொன்சோ குடும்பப் பெயரில், 1945 தொடங்கிப் பல பழைய ஆண்டுகளின் குளோ சென் தெனி தோட்டத்து ஒயின்கள் 2008-இல் நியூயார்க் ஏலத்துக்கு வந்தன. அந்தத் தோட்டத்துப் பழத்தில் அவர்கள் ஒயின் போடத் தொடங்கியதே 1980-களில்தான். லோரான் பொன்சோ நேரில் போய் நின்று அந்த பாட்டில்களை ஏலத்திலிருந்து விலக்கவைத்தார். அவற்றை ஏலத்துக்குக் கொடுத்த ரூடி குர்னியவான், போலி ஒயின் வழக்கில் 2014-இல் பத்து ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். பெரிய பெரிய சேகரிப்பாளர்களே ஏமாந்த சந்தை அது.

படி 3: முந்தைய நாள்

பத்து வயதுக்கு மேற்பட்ட சிவப்பு ஒயின் இருந்தால் ஒரு நாள் முன்பே நிமிர்த்தி நிறுத்திவிடுங்கள். வண்டல் அடியில் தங்கும்.

வெப்பநிலை முக்கியம். புத்தகங்களில் சிவப்பு ஒயினுக்கு ‘அறை வெப்பம்’ என்று எழுதியிருப்பது கல் சுவர் வைத்த ஐரோப்பிய வீட்டு அறையை, அதாவது 16 முதல் 18 டிகிரியை. மே மாதத்துச் சென்னை அறையில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். ஷாம்பெயினுக்கு 8 டிகிரி பக்கம். நல்ல வெள்ளை பர்கண்டிக்கு 12 டிகிரி; அதை ஐஸ் போலக் குளிர வைத்தால் கொடுத்த காசு வாசனையாக வெளியே வராது.

படி 4: மேசை

ஆளுக்கு இரண்டு கிளாஸ். வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் எதுவானாலும் சரி. ருசிப்பதற்கென்றே 1977-இல் ஒரு சர்வதேசத் தர அளவு வகுத்தார்கள், 215 மி.லி. பிடிக்கும் அந்தச் சின்ன கிளாஸ் விலையும் குறைவு. வெள்ளை மேசைவிரிப்பு போட்டால் நிறம் தெரியும்.

ஊதுபத்தி, சென்ட், தலை நிறைய மல்லிகை மூன்றும் அன்றைக்கு மட்டும் வேண்டாம். சமையலறையில் தாளிப்பையும் ஒத்திப்போடுங்கள். சாப்பிட வெறும் ரொட்டி, உப்புக் குறைவான பாலாடைக்கட்டி, தண்ணீர் போதும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும், சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பு தரும் டானினைக் கடுமையாக்கும். பிரியாணி கடைசியில் வரட்டும்.

படி 5: திறப்பது

ஷாம்பெயின் பாட்டிலுக்குள் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஐந்து ஆறு மடங்கு அழுத்தம் அடைந்து கிடக்கிறது. கம்பியை ஆறு அரைச் சுற்றில் தளர்த்துங்கள். அதற்குப் பிறகு கார்க்கிலிருந்து கட்டைவிரலை எடுக்கக் கூடாது. கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும். பெருமூச்சு விடும் சத்தத்தோடு வந்தால் சரியாகத் திறந்தீர்கள். சினிமாவில் வருவது போல் வெடிக்கவிட்டால் பாதி ஒயின் கூரைக்கும் மீதி கம்பளத்துக்கும் போகும்.

ஒவ்வொரு பாட்டிலையும் திறந்ததும், கொண்டு வந்தவர் முதலில் முகர்ந்து பார்க்கட்டும். மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. டிசிஏ என்ற வேதிப்பொருளின் வேலை அது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒயின் செத்தது செத்ததுதான். சில சமயம் வாடை தெரியாமல் பழ வாசனை மட்டும் மழுங்கிப் போயிருக்கும். அனுபவசாலிகளே கோட்டைவிடும் இடம் அது. யாருடைய தவறும் இல்லை என்பதால் கொண்டு வந்தவரைக் கிண்டல் செய்யாதீர்கள். மாற்றுக்கு ஒரு பாட்டில் கைவசம் இருக்கட்டும்.

படி 6: மறைத்து ஊற்றுங்கள்

பாட்டில்களைப் பழுப்புக் காகிதப் பையில் நுழைத்து, கழுத்தில் ரப்பர் போட்டு, எண் எழுதுங்கள். பாட்டிலின் வடிவமே ஊரைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் வேறு யாராவது ஊற்றினால் இன்னும் நல்லது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களை உட்காரவைத்து, பெயரை மறைத்து, பிரெஞ்சு ஒயினையும் கலிஃபோர்னிய ஒயினையும் கலந்து ஊற்றினார். வெள்ளையில் 1973 ஷாட்டோ மோன்டலீனா முதலிடம். சிவப்பில் 1973 ஸ்டாக்ஸ் லீப் முதலிடம். இரண்டும் கலிஃபோர்னியா. லேபிள் தெரிந்திருந்தால் அந்த ஒன்பது பேரும் அப்படி மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்கள்.

கண் செய்யும் சதி இன்னொன்று. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அதை அவர்கள் வர்ணித்த சொற்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரியவை. ஒயின் நிபுணத்துவமே புருடா என்று இதை வைத்து வாதிடுகிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு. மூக்கு தனியாக வேலை செய்வதில்லை என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது.

வரிசை: நுரைப்பது, லேசான வெள்ளை, கனமான வெள்ளை, லேசான சிவப்பு, கனமான சிவப்பு, கடைசியில் இனிப்பு. ரீஸ்லிங் காபினெட்டைக் கனமான சிவப்புக்குப் பிறகு ஊற்றுவது அதற்குச் செய்யும் துரோகம்.

படி 7: முகர்ந்து, குடித்து, பேசுங்கள்

கிளாஸின் காம்பைப் பிடித்து இரண்டு சுழற்று. மூக்கை உள்ளே விட்டு ஒரு மூச்சு. பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, விழுங்கவோ துப்பவோ செய்யுங்கள். துவர்ப்பு ஈறில் பிடிக்கும், புளிப்பு கன்னத்தில் எச்சில் ஊறவைக்கும். விழுங்கின பிறகு வாசனை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். நல்ல ஒயினில் அது எளிதில் போகாது.

ஆங்கிலப் புத்தகத்து வாசனைப் பட்டியலை மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமே இல்லை. அங்கே எழுதியிருக்கும் கூஸ்பெரியும் காசிஸும் நாம் கடித்து வளர்ந்த பழங்கள் அல்ல. நம் மூக்குக்கு அதன் சொந்தச் சரக்கு இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, உண்மையில் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். பிரான்சின் அல்சாஸ் மஸ்கட்டையோ இத்தாலியின் மொஸ்காட்டோவையோ முகரும்போது கம்பத்துப் பழக்கடை ஞாபகம் வந்தால் அது கற்பனை இல்லை, நேரடிச் சொந்தம். கூச்சப்படாமல் ‘பன்னீர் திராட்சை’ என்று எழுதுங்கள்.

மிளகும் அப்படித்தான். வட ரோன் பள்ளத்தாக்கின் சிரா ஒயினில் பொடித்த மிளகு வாசனை அடிக்கும். அதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று 2008-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மிளகின் வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது மிக அதிக அளவில் இருந்தும் தெரியவில்லை. எட்டுப் பேர் மேசையில் ஒருவரோ இருவரோ ‘மிளகா? எங்கே?’ என்று விழித்தால், அவர் பொய்யும் சொல்லவில்லை, அவருக்கு ரசனையும் குறைவில்லை. எனவே முதலில் எல்லாரும் பேசாமல் தாளில் எழுதட்டும், பிறகு பேசலாம். பெரிய குரல்காரர் முதலில் வாய் திறந்துவிட்டால் மீதி ஏழு பேரும் அவர் சொன்னதையே முகர்வார்கள்.

படி 8: தீர்ப்பு

ராபர்ட் பார்க்கர் 1978-இல் தொடங்கிய பத்திரிகை நூறு மதிப்பெண் முறையைப் பரப்பியது. கடைக்காரர்களுக்கு அது வசதி. நண்பர்கள் மேசைக்கு அது தேவையில்லை. 91-க்கும் 92-க்கும் என்ன வித்தியாசம் என்று மல்லுக்கட்டவா கூடினோம்?

எட்டும் ருசித்தாயிற்று. ஆளுக்கு மூன்று எண்களைத் தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். இப்போது பிரியாணியைக் கொண்டுவாருங்கள். பைகளைக் கழற்றாமல் பாட்டில்களை மேசை நடுவில் வைத்து, வேண்டியதை வேண்டியவர் ஊற்றிக்கொள்ளட்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பைகளை உருவி, அளவுகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் 350-இல் தொடங்கியது நினைவிருக்கிறதல்லவா? தாளில் முதலிடம் வாங்கிய கனத்த சிவப்பு பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். யாரும் பெரிதாகப் புகழாத மோர்கோனோ ரீஸ்லிங்கோ காலியாகியிருக்கும். ஒரு மடக்கில் அசத்தும் ஒயின் வேறு, சாப்பாட்டோடு கை தானாகத் தேடிப்போகும் ஒயின் வேறு. ஆண்டின் பிடித்த ஒயின் என்ற பட்டத்தை நான் காலி பாட்டிலுக்கே கொடுப்பேன். தாளில் ஜெயித்தவரின் ஆட்சேபத்தைக் குறிப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

படி 9: மிச்சமும் குறிப்பும்

மிஞ்சியதைக் கார்க்கால் அடைத்து, சிவப்பு வெள்ளை பார்க்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். பழைய பர்கண்டி தாங்காது, அதை அன்றே முடித்துவிட வேண்டும். இத்தாலியச் சிவப்பான பரோலோ இளமையாக இருந்தால் மறுநாள் துவர்ப்பு தணிந்து முகம் கொடுத்துப் பேசும். அதைக் கொண்டு வந்தவருக்கே மிச்சத்தைக் கொடுத்தனுப்புங்கள். மறுநாள் இரவு குடித்துவிட்டுத் தாளில் இன்னொரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். லேபிளைப் படம் எடுக்கும்போது அறுவடை ஆண்டு தெரியும்படி எடுங்கள், ஏனென்றால் அடுத்த டிசம்பரில் கடையில் கிடைப்பது அதே பெயரில் வேறு ஆண்டினுடையதாக இருக்கும்.